முற்று எது, எச்சம் எது: வேதியியல் மாணவி ஒருவர் கல்விசார் ஆங்கிலம் கற்றது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் இளநிலை வேதியியல் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். வேதியியலிலும் கணக்கிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர். பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த அன்றே பாடநூல், விரிவுரை, ஆய்வக அறிக்கை, தேர்வு ஆகிய நான்கும் அவருக்கு ஒருசேர ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. முதல் பருவத் தேர்வில் கணக்கீடு மிகுந்த தாள்களில் நன்றாகத் தேறிய அவர், விளக்கி எழுத வேண்டிய தாள்களில் மட்டும் தடுமாறினார். ஆய்வக அறிக்கைகளில் அளவீடுகளும் வரைபடங்களும் பிழையின்றி இருந்தன. அவற்றுக்குக் கீழே எழுதிய விளக்கப் பகுதியோ முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் ஆசிரியர் ஒருவர் அவரை என்னிடம் அனுப்பினார். வேதியியல் படித்துவிட்டு, மாணவர்களுக்கு அறிவியல் எழுத்தில் பயிற்சி தருவதை வேலையாகக் கொண்டவன் நான். அடுத்த மூன்று பருவங்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருவரும் அமர்ந்து வேலை செய்தோம். அப்போது நான் எழுதிவைத்த குறிப்புகள், அவருடைய அறிக்கைகளின் அடுத்தடுத்த வரைவுகள், அவர் வைத்திருந்த குறிப்பேடு ஆகியவற்றிலிருந்து, அவருடைய ஒப்புதலோடு, இதைத் தொகுத்திருக்கிறேன்.

அவரை அனுப்பிய ஆசிரியர் சொன்னது ஒரே வரிதான்: “சப்ஜெக்ட் நல்லா வருது, இங்கிலீஷ்தான் வீக்.” தமிழ்வழியில் படித்துவிட்டு அறிவியல் படிக்க வரும் எத்தனையோ மாணவர்களின் மேல் ஒட்டப்படுகிற இந்த வரியை நானும் அப்போது அப்படியே ஏற்றுக்கொண்டேன். பாடம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால், மொழியைத் தனியே மருந்துபோல ஊட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. முதல் பத்து வாரங்கள் இந்தப் பிழையான எண்ணத்தில்தான் கழிந்தன.

தொடக்க நிலை

முதல் அமர்வில், வினைவேகவியல் பற்றிய பாடநூல் பக்கம் ஒன்றை, ஏறத்தாழ 400 சொற்கள் கொண்டதை, அவரிடம் கொடுத்துப் படித்துவிட்டுத் தமிழில் சொல்லும்படி கேட்டேன். படித்து முடிக்க 40 நிமிடம் ஆயிற்று. தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லியிருந்தேன். 33 கோடுகள் இருந்தன. பன்னிரண்டு சொல்லுக்கு ஒரு சொல் தெரியவில்லை என்பது இதன் பொருள். யாருடைய துணையும் இல்லாமல் ஒரு கதைப்பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு, அதாவது ஐம்பதில் நாற்பத்தொன்பது, தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த அளவோடு ஒப்பிட்டால் இவர் வெகு தொலைவில் இருந்தார். எனவே சொல்வளம்தான் குறை என்று முடிவு செய்தேன்.

அன்றைய குறிப்பில் இன்னொன்றையும் எழுதிவைத்திருந்தேன், ஆனால் அதற்கு உரிய கவனம் தரவில்லை. அடிக்கோடே இல்லாத, எல்லாச் சொல்லும் தெரிந்த மூன்று வாக்கியங்களையும் அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். அதே பக்கத்தின் கருத்தைத் தமிழில் எழுதச் சொன்னபோது, “வினைபடு பொருளின் செறிவு குறையக் குறைய வினைவேகமும் குறைகிறது, இக்குறைவு நேர்விகிதத்தில் அமையுமாயின் அது முதல்வகை வினை எனப்படும்” என்று தயக்கமின்றி எழுதினார். பேசும்போது ஒருவரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். பள்ளிப் பாடநூல்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கொடுத்திருந்த எழுத்துநடை இது. கடைத்தெருவில் பேசும் மொழித்திறனும் கல்விக்கு வேண்டிய மொழித்திறனும் வெவ்வேறு என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகைத் திறன் ஒரு மொழியில் வேரூன்றியிருந்தால் அது இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. இதையெல்லாம் படித்திருந்தும், என் எதிரில் இருந்த தாளில் அது எழுதப்பட்டிருந்ததை அன்று நான் பார்க்கத் தவறினேன்.

சொற்பட்டியல்

நான் எடுத்த வழி எல்லோரும் எடுக்கும் வழி. அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன; ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். கலை, வணிகவியல், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளிலிருந்து திரட்டிய 35 இலட்சம் சொற்கள் அளவுள்ள தொகுப்பில் எவை பரவலாகவும் அடிக்கடியும் வருகின்றன என்று பார்த்து உருவாக்கியது அது. கல்விசார் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலில் இருக்கும். வாரத்துக்கு ஐம்பத்தேழு சொற்குடும்பங்கள் என்று கணக்கிட்டுப் பத்து வாரத்தில் முடிக்கத் திட்டமிட்டோம். அவர் உழைப்புக்கு அஞ்சாதவர், சொன்னபடி முடித்தார்.

பத்தாவது வாரம், அதே நூலிலிருந்து அதே அளவுள்ள வேறொரு பக்கத்தைக் கொடுத்தேன். தெரியாத சொற்கள் 33-இலிருந்து 12-ஆகக் குறைந்திருந்தன. படிக்க எடுத்த நேரமோ 40 நிமிடத்திலிருந்து 34-ஆகத்தான் இறங்கியிருந்தது. தமிழில் திருப்பிச் சொன்னதில் இருந்த பிழைகளும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பட்டியலைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அது தான் செய்வதாகச் சொன்னதைச் செய்தது. ஆனால் தொகுப்பில் அறிவியல் பகுதியை மட்டும் எடுத்தால் அந்தப் பட்டியல் தழுவுவது சுமார் 9 விழுக்காடுதான், வணிகவியலில் 12. அத்தோடு, அறிவியலில் இடறிவிடும் சொற்களில் பல எளிய, அன்றாடச் சொற்கள். அன்றாடச் சொல் என்பதாலேயே ‘வொர்க்’, ‘பவர்’ போன்றவை அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லைப் பார்த்த இடமெல்லாம் ‘கட்டுப்படுத்துதல்’ என்றே பொருள்கொண்டிருந்த இவருக்கு, ஒப்பிடுவதற்காக எதுவும் சேர்க்காமல் வைக்கும் குடுவைக்கும் அதே பெயர் என்று சொல்ல வேண்டியிருந்தது. தேர்வுத்தாளில் ‘அக்கவுன்ட் ஃபார்’ என்று தொடங்கிய வினாவுக்கு, காரணம் கூறுவதற்குப் பதிலாக, எதையோ கணக்கிட வேண்டும் என்று எண்ணி அரைப்பக்கம் எண்களைப் போட்டுவைத்திருந்தார். அவருடைய விடைத்தாளைப் பார்க்கும்வரை இப்படியொரு பொறி அதில் இருப்பது எனக்கும் தோன்றியதில்லை.

ஒரு வாக்கியம்

திருப்பம் ஒரே ஒரு வாக்கியத்தில் நேர்ந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படிக ஊதா எனப்படும் கிரிஸ்டல் வயலட் சாயத்தின் கரைசலோடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் ஊதா நிறம் மெல்ல மெல்ல மறையும். கரைசல் ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று காட்டும் நிறமானியில் அந்த மறைவை அளந்து வினைவேகத்தைக் கணக்கிடுவது இளநிலை ஆய்வகங்களில் வழக்கமான சோதனை. அதற்கான ஆய்வகக் கையேட்டில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘தி டிக்ரீஸ் இன் அப்சார்பன்ஸ் அப்சர்வ்டு ஆஃப்டர் அடிஷன் ஆஃப் தி பேஸ் வாஸ் அட்ரிபியூட்டட் டு தி ஃபார்மேஷன் ஆஃப் எ கலர்லெஸ் ப்ராடக்ட்.’ இதில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ‘அட்ரிபியூட்’ என்பது நான்காம் வாரப் பட்டியலிலேயே வந்துவிட்டது.

அவர் புரிந்துகொண்டது இது: “உட்கவர்தல் குறைந்ததைக் கவனித்தார்கள். காரம் சேர்த்த பிறகு அது நிறமற்ற பொருள் ஆனது.” யார் கவனித்தார்கள் என்று கேட்டேன். “அது போடலை, சார்” என்றார். ‘அட்ரிபியூட்டட்’ எங்கே போனது என்று கேட்டதற்கு, அது கூடுதலாக இருப்பதுபோல் பட்டதால் விட்டுவிட்டதாகச் சொன்னார்.

வாக்கியத்தின் கருத்தை வாய்மொழியாகச் சொல்லி, அதைப் பாடநூல் தமிழில் எழுதச் சொன்னேன். அவர் எழுதியது: “காரத்தைச் சேர்த்த பின் காணப்பட்ட உட்கவர்தல் குறைவுக்கு, நிறமற்ற விளைபொருள் உருவானதே காரணம் எனக் கருதப்பட்டது.” ‘காணப்பட்ட’ என்பதைத் தொட்டு, இது என்ன சொல் என்று கேட்டேன். “பெயரெச்சம்” என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகத்தோடு. ‘கருதப்பட்டது’? “வினைமுற்று.” அப்போது ஆங்கில வாக்கியத்தின் மேல் பென்சிலை வைத்து, இங்கே முற்று எது, எச்சம் எது என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ‘வாஸ் அட்ரிபியூட்டட்’ என்பதை அவரே வட்டமிட்டார்; ‘அப்சர்வ்டு’ என்பதிலிருந்து பின்னோக்கி ஓர் அம்பு வரைந்து ‘டிக்ரீஸ்’ என்ற சொல்லில் முடித்தார்.

தமிழில் ‘காணப்பட்ட’ என்று நின்றால் எச்சம், ‘காணப்பட்டது’ என்று முடிந்தால் முற்று. ஈற்றைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘அப்சர்வ்டு’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலையும் செய்கிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வரும். தமிழ் வாக்கியத்தில் முற்று கடைசியில் காத்திருக்கும். ஆங்கில வாக்கியத்தில் அது எங்கோ நடுவில் இருக்கும், அதற்குமுன் முற்றைப்போல் தோன்றும் ஒன்றிரண்டு எச்சங்கள் வழிமறிக்கும். அவர் எப்போதும் முதலில் தென்பட்ட வினைச்சொல்லையே முற்றாக எடுத்துக்கொண்டிருந்தார். இதைக் கண்ட பிறகு என் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ‘டேக்கன்’, ‘கிவன்’ போல எச்ச வடிவமும் இறந்தகால வடிவமும் வேறுபடும் சொற்கள் வந்த இடங்களில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ‘டு’ ஒலியில் முடியும் சொற்களில்தான் இடறியிருந்தார். முதல் நாளில் தலைகீழாகப் புரிந்துகொண்ட மூன்று வாக்கியங்களும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

அன்றுமுதல் செய்முறை மாறியது. எந்தப் பத்தியை எடுத்தாலும் முதலில் பொருளைத் தேடாமல் முற்றை மட்டும் வட்டமிட வேண்டும். பிறகு எச்சங்களைக் கண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று அம்பு வரைய வேண்டும். தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பது அதற்குப் பின்தான். தமிழ் இலக்கண வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்டதாக அவர் நினைத்திருந்த பெயர்களே இதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆங்கில இலக்கண நூல்கள் தரும் பெயர்களை நான் புகுத்தவில்லை; ஒரே வேலைக்கு இரண்டு தொகுதிப் பெயர்கள் எதற்கு?

அறிவியல் ஆங்கிலத்தின் இன்னொரு சுமையான பெயர்ச்சொல் அடுக்கும் இதே வழியில் இளகியது. வினையாகச் சொல்லக்கூடியதைப் பெயராக்கி, அந்தப் பெயரின் மேல் அடுத்த வாக்கியத்தைக் கட்டுவது அறிவியல் எழுத்தின் இயல்பு என்பதை மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம்முடைய பாடநூல் தமிழும் இதையேதான் செய்கிறது. “அம்மோனியம் குளோரைடு நீரில் கரைகிறது. இக்கரைதலின்போது வெப்பம் உட்கவரப்படுகிறது.” முதல் வாக்கியத்தில் முற்றாக இருந்தது இரண்டாவதில் தொழிற்பெயராக மாறி, அடுத்த செய்திக்குப் படியாகிறது. ‘டிசால்வ்’ என்பது ‘டிசொல்யூஷன்’ ஆவதும், ‘ஆட்’ என்பது ‘அடிஷன்’ ஆவதும் அந்தப் படிதான் என்று கண்டுகொண்டபின், அடுக்குகளைப் பிரித்து மீண்டும் வினையாக்கிப் படிக்கும் பழக்கம் அவருக்கு வந்தது. இரண்டாம் பருவத்தின் இறுதியில் 400 சொற்கள் கொண்ட பக்கத்தை 19 நிமிடத்தில் படித்தார். அந்தப் பக்கத்தில் தெரியாத சொற்கள் 14 இருந்தன. பத்தாவது வாரத்தில் இருந்ததைவிட இரண்டு அதிகம்.

நிறம் மறைந்த சோதனை

படிப்பது சீரான பின்னும் எழுத்து சீராகவில்லை. அதே படிக ஊதாச் சோதனையின் அறிக்கையில் அவர் எழுதிய முடிவு வாக்கியத்தின் பொருள் இது: “இந்த வினை முதல்வகை வினை என்பதை இச்சோதனை நிரூபிக்கிறது.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆசிரியர் ‘ப்ரூவ்ஸ்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘சஜெஸ்ட்ஸ்’ என்று எழுதியிருந்தார், ஏனென்று சொல்லவில்லை. ‘சஜெஸ்ட்’ என்றால் யோசனை கூறுவது என்றே அறிந்திருந்த மாணவிக்கு, தரவுகள் எப்படி யோசனை கூறும் என்பது விளங்கவில்லை. அடக்கமாக எழுத வேண்டும் போலும், அதுதான் ஆங்கில மரியாதை போலும் என்று எடுத்துக்கொண்டார். பல கையேடுகளும் இதை மரியாதைபோலத்தான் சொல்லித்தருகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

அவருடைய தரவுகளை மேசையில் பரப்பினோம். காரம் மிகுதியாக இருந்ததால் அதன் செறிவு ஏறக்குறைய மாறாமல் இருந்தது; எனவே சாயத்தின் செறிவைப் பொறுத்து வினைவேகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். மூன்று நிமிடம், 30 விநாடிக்கு ஓர் அளவீடு. உட்கவர்தல் 0.80-இலிருந்து 0.62-ஆகக் குறைந்திருந்தது. அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து, நேர்கோடு வந்ததால் முதல்வகை என்று முடிவு கட்டியிருந்தார். மடக்கை எடுக்காமல் உட்கவர்தலை அப்படியே வரையச் சொன்னேன். அதுவும் நேர்கோடாகவே தெரிந்தது. இரண்டாம் வகை வினைக்கு நேர்கோடு தரும் தலைகீழியை, அதாவது ஒன்றை உட்கவர்தலால் வகுத்து வருவதை, வரையச் சொன்னேன். அதுவும் அப்படியே. முதல்வகை என்றால் நடுவில் 0.704 இருக்க வேண்டும். வேகம் மாறாத சுழிவகை என்றால் 0.71. இரண்டுக்கும் இடையே உள்ள 0.006 அவருடைய கருவியின் ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். அவர் பயன்படுத்திய செறிவில் அரை வாழ்காலம், அதாவது சாயம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ எட்டு நிமிடம். மூன்று நிமிடத்தில் பாதித் தொலைவுகூடப் போகாத வினை, எந்த வகையாக இருந்தாலும் நேர்கோடுபோலத்தான் தோன்றும்.

“அப்போ நான் எழுதுனது பொய்யா, சார்?” என்றார். பொய்யில்லை, கையில் இருப்பதைவிடக் கனமான சொல்லை அதன்மேல் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். மூன்று நிமிடத் தரவை வைத்துக்கொண்டு சொல்ல முடிந்தது, முதல்வகை என்ற கருத்தோடு இது முரண்படவில்லை என்பது மட்டும். ஆங்கிலத்தில் அதற்கு ‘இஸ் கன்சிஸ்டன்ட் வித்’ என்பார்கள். அடுத்த வாரம் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, சோதனையை 25 நிமிடத்துக்கு நீட்டித்தார். உட்கவர்தல் 0.10-க்கு அருகே இறங்கியது. மடக்கைக் கோடு மட்டும் நேராக நிற்க, மற்ற இரண்டும் தெளிவாக வளைந்தன. திருத்திய அறிக்கையில் ‘இண்டிகேட்ஸ்’ என்று எழுதினார், அதற்கு அவருக்கு இப்போது உரிமை இருந்தது. சொல்லைத் தேர்ந்தெடுக்கப்போய்ச் சோதனையையே மாற்ற நேர்ந்தது. பாடம் வேறு, மொழி வேறு என்ற பிரிவு இந்த இடத்தில் எனக்கு முற்றிலும் பொருளற்றதாகிவிட்டது.

இதற்கும் தமிழ் வழியாகவே ஓர் அளவுகோல் செய்துகொண்டோம். ‘ஆகும்’, ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கருதலாம்’, ‘ஆக இருக்கக்கூடும்’ என்று இறங்குவரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு தரவு இருந்தால் அதைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அதில் ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. ‘லாம்’ என்ற விகுதி தமிழில் பல வேலை பார்க்கிறது. ‘போகலாம்’ என்பது அனுமதியாகவும் இருக்கும், அழைப்பாகவும் இருக்கும், வாய்ப்பாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் ‘கேன்’ எது, ‘மே’ எது என்று அவர் குழம்பியதற்கு இதுவே காரணம். இயலும் என்ற பொருளா, நிகழ வாய்ப்புண்டு என்ற பொருளா என்று பார்த்து, ‘லாம்’ என்பதை ‘இயலும்’ அல்லது ‘கூடும்’ என்று மாற்றி எழுதிய பிறகே ஆங்கிலத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். சில வாரங்கள் எதிர்த்திசையிலும் ஆடினார். தாம் கண்ணால் பார்த்த நிறமாற்றத்துக்குக்கூட ‘மே’ போட்டு, ஒரே வாக்கியத்தில் மூன்று ஐயச்சொற்களை அடுக்கி எழுதிய வரைவு ஒன்று என்னிடம் இருக்கிறது.

திருப்பி அனுப்பப்பட்ட அறிக்கை

மூன்றாம் பருவத்தில், நாங்கள் முன்னேறிவிட்டோம் என்று நான் எண்ணியிருந்த வேளையில், அவருடைய அறிக்கை ஒன்றின் அறிமுகப் பகுதி ஒப்புமை கண்டறியும் மென்பொருளில் சிக்கியது. நகலெடுத்ததாகச் சொல்லி அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளக்கம் கேட்டபோது அவர் வாயடைத்து நின்றதாகப் பின்னர் அறிந்தேன்.

வரைவைப் பார்த்தபோது நடந்தது புரிந்தது. பாடநூல் பத்தி ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, வாக்கிய அமைப்பை விட்டுவிட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தார். சில சொற்களை இணைச்சொல் தரும் இணையக் கருவியிலிருந்து எடுத்திருந்தார். அது ‘பேஸ்’ என்ற காரத்தை ‘ஃபவுண்டேஷன்’ ஆக்கி, வீட்டின் அடித்தளத்தைச் சோதனைக் குழாய்க்குள் ஊற்றியிருந்தது. இப்படி மூலத்தின் மேல் ஒட்டுப்போட்டு எழுதுவதற்கு ரெபெக்கா மூர் ஹோவர்டு 1990-களில் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயரிட்டார். பழக்கமில்லாத நடையில் எழுதக் கற்பவர்கள் கடந்துபோகும் ஒரு கட்டமாகவே அவர் இதைப் பார்த்தார், வெறும் திருட்டாக அல்ல. கருவியை நம்பிச் சொல் மாற்றுவது மாணவர்களோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கபனாக், லாபே, மகசினோவ் ஆகிய மூவர் 2021-இல், வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலேயே ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ (போலி நனவு) ஆகிக் கிடப்பது போன்ற திரிந்த தொடர்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்கள்.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு எளியது, ஆனால் நேரம் தின்பது. பத்தியைப் படிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். அதன் கருத்தைத் தமிழில் மூன்று அல்லது நான்கு வரியாகக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு நாள் கழித்து, மூல நூலைத் திறக்காமல், அந்தத் தமிழ்க் குறிப்பை மட்டும் பார்த்து வலப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கடைசியில் உண்மைகளைச் சரிபார்க்க மட்டும் மூலத்தைத் திறந்து, அது யாருடையது என்று குறிப்பிட வேண்டும். இடையில் தமிழ் நிற்பதால், மூலத்தின் வாக்கிய அமைப்பு மறுகரைக்குப் போய்ச் சேர்வதில்லை. ‘ஆங்கிலத்திலேயே சிந்தி’ என்று அவருக்குப் பலரும் அறிவுரை சொல்லியிருந்தார்கள். இந்தக் கட்டத்தில் அந்த அறிவுரை அவருக்குத் தீங்கே செய்திருக்கும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் சிந்திக்க அவரிடம் இருந்த ஒரே ஆங்கிலம் எதிரில் திறந்திருந்த பக்கத்தின் ஆங்கிலம்தான்.

‘தி’ என்னும் சிறு சொல்

தமிழில் இல்லாத ‘தி’, ‘எ’ ஆகிய இரண்டும் கடைசிவரை தொல்லை கொடுத்தன. விதிகளைப் பட்டியலாகத் தருவதால் பயன் விளையவில்லை. ஓரளவு உதவியது தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபுதான். ‘கரைசல் எடுத்தேன்’ என்பதற்கும் ‘கரைசலை எடுத்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குக் கேட்ட உடனே தெரியும்: முன்னது ஏதோ ஒரு கரைசல், பின்னது நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அந்தக் கரைசல். செய்முறைப் பகுதியை எழுதும்போது ஒவ்வொரு பொருளையும் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘ஐ’ தானாக வந்து ஒட்டினால் ‘தி’ போடுவது என்று வைத்துக்கொண்டார். செயப்படுபொருளாக வரும் இடங்களில் பிழைகள் கண்கூடாகக் குறைந்தன. எழுவாயாக வரும் இடங்களில் இந்த உத்தி கைகொடுக்காது. அங்கே அவர் இன்றும் ஊகத்தில்தான் எழுதுகிறார். ‘ரிசர்ச்சஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிய பிழை வழக்குகளும் போகவில்லை. கடைசியாகச் சொன்னது தமிழின் ‘பற்றி’ செய்யும் வேலை. இவற்றால் யாருக்கும் பொருள் குழம்புவதில்லை என்பதால் நான் பெரிதாகத் துரத்தவும் இல்லை.

நிறைவு நிலையும் வரம்புகளும்

நாங்கள் சேர்ந்து வேலை செய்த மூன்றாவது பருவம் முடியும்போது, துறையில் வெளியான ஒரு குறுங்கட்டுரையை ஒரு மாலையில் படித்து, எது ஆசிரியர்களின் அளவீடு, எது அவர்களுடைய ஊகம், எது முன்னோர் சொன்னது என்று மூன்று நிறங்களில் பிரித்துக் காட்டினார். விளக்கத் தாள்களில் அவருடைய மதிப்பெண் கணக்கீட்டுத் தாள்களுக்கு அருகே வந்தது. விரிவுரைகளை எழுதிக்கொள்வது மட்டும் அவ்வளவாக முன்னேறவில்லை. காதில் விழும் வாக்கியத்தில் முற்றை வட்டமிட நேரம் இல்லை. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பதையும் நாங்கள் தொடவே இல்லை, அதற்கு வேறு துணிச்சல் வேண்டும்.

இது ஒரே ஒருவரின் நிகழ்வு. பயிற்றுவித்தவனும் அளந்தவனும் நானே. அவர் அந்த மூன்று பருவங்களில் படித்த நூற்றுக்கணக்கான பக்கங்களே பாதி வேலையைச் செய்திருக்கக்கூடும். முற்று, எச்சம் என்ற வழியின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுக்க என்னிடம் வழியில்லை. பள்ளியில் தமிழ் இலக்கணம் ஊன்றிப் படிக்காத ஒருவருக்கு இதே முறை இவ்வளவு விரைவில் பயன் தருமா என்பதும் இந்த ஒரு நிகழ்விலிருந்து தெரியாது.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை ஒப்புதலுக்காக அவரிடம் கொடுத்திருந்தேன். இரண்டு இடங்களில் பென்சில் குறி போட்டுத் திருப்பித் தந்தார். ஒன்று, தமிழ் இலக்கண அறிவே அவருடைய முன்னேற்றத்துக்குக் காரணம் என்று இந்நிகழ்வு ‘நிறுவுகிறது’ என நான் எழுதியிருந்த வரி, பக்கத்தில் “எத்தனை அளவீடு, சார்?” என்று கேட்டிருந்தார். அந்த வரியை எடுத்துவிட்டேன். மற்றது, முதல் நாள் 40 நிமிடம் ஆனது என்ற இடம். 35 தான் ஆயிற்று என்பது அவர் நினைவு. என் குறிப்பேட்டில் 40 என்றே இருப்பதால் அதை மாற்றவில்லை.